கம்பி அவிழ்த்த வயல்

தை மாதம் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்கு, ஈச்சம்பேட்டில் கெங்கம்மாளுக்குச் சொந்தமான ஒரு ஏக்கர் இருபது சென்ட் நெல் வயல், நட்டு இருபது நாளான பயிரோடும் நான்கு பக்கத்து வரப்போடும் மேலே நின்றிருந்த பதினேழு பேரோடும் தரையை விட்டு நான்கடி எழும்பி நின்றது. பதினேழு பேரில் ஆறு பேர் அரசாங்க ஆட்கள் என்பதால் நேரத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. அன்று கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய். சென்னைக்குப் போகிற ரயில் இருபது நிமிஷம் தாமதம். விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்த டி.வி. கோபுரம் மட்டும் விழவில்லை. அது பாட்டுக்கு நின்றது.

கோபுரத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. உயரம் ஆயிரத்து இருபது அடி. அடியிலிருந்து நுனிவரை முருங்கைக்காய் மாதிரி ஒரே பருமன். அத்தனை உயரத்தை வளர்த்தவர்கள் அதற்குத் தன் காலில் நிற்கக் கற்றுக்கொடுக்கவில்லை. மூன்று பக்கமும் கம்பி கட்டி இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும் என்பது திட்டம். ஒரு பக்கத்துக்கு ஐந்து இரும்புக் கம்பிகள், வெவ்வேறு உயரத்திலிருந்து சரிந்து இறங்கி, தூரத்தில் பூமியில் பதித்த ஒரே கான்கிரீட் கட்டையில் போய் முடியும். ஊரில் ஐந்தையும் சேர்த்து ஒரு கம்பி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். முதல் கம்பி ஒளிபரப்பு நிலையத்தின் காம்பவுண்டுக்குள்ளேயே இறங்கியது. இரண்டாவது ஏரிக்கரையில். மூன்றாவது, பனந்தோப்புப் புறம்போக்கில் இறங்கியிருக்க வேண்டியது. ஆனால் வரைபடத்தின் மேல் யாரோ டீ கிளாஸை வைத்துவிட்டார்கள். கிளாஸ் விட்ட பழுப்பு வட்டம், கெங்கம்மாளின் மாமனார் நிலத்தின் வடக்கு மூலையில் கச்சிதமாக விழுந்திருந்தது. காண்டிராக்டர் அந்த வட்டத்தைப் பார்த்து அதே இடத்தில், அதே வட்டமாக, இருபது டன்னில் கட்டையைப் போட்டுவிட்டார். மற்ற இரண்டு கட்டைகளும் சதுரமாக இருக்க மூன்றாவது மட்டும் ஏன் உருண்டை என்று முப்பத்தாறு வருஷமும் எந்த அதிகாரியும் கேட்கவில்லை. மாமனார் மட்டும் ஒருமுறை கேட்டார். நிபுணர்கள் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

கட்டை இறங்கிய இரண்டாம் வருஷத்திலிருந்தே வயலுக்கு ஒரு சுபாவம் வந்துவிட்டது. அதில் இறங்கி நடவு நடுகிற பெண்களுக்கு இடுப்பு வலிப்பதில்லை. நாற்றுக்கட்டு பூ மாதிரி இருக்கும். கெங்கம்மாள் நிறைமாதக்காரியாக இருந்தபோதுகூட அந்த வயலில் களையெடுத்தாள். வரப்பை விட்டு ரோட்டுக்கு ஏறினால்தான் வயிறு கனத்தது. எழுபத்தைந்து கிலோ மூட்டை வயலுக்குள் அறுபதுதான் காட்டும். இதைத் தெரிந்துகொண்ட நெல் வியாபாரி வயலிலேயே எடை போட வேண்டும் என்று வருஷா வருஷம் அடம்பிடிப்பான். மாமனார் மூட்டையைத் தார் ரோட்டுக்குத் தூக்கிவந்த பிறகுதான் தராசைத் தொட விடுவார். ஊரில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மண்ணுக்கு ஒவ்வொரு குணம். சிலதில் வேர்க்கடலை வரும், சிலதில் வராது.

விஷயம் முழுதாகத் தெரிந்தவன் முனிகிருஷ்ணன் ஒருவன்தான். அவன் நிலையத்தின் கம்பி மெக்கானிக். தினக்கூலியாகக் குழி வெட்ட வந்தவன். அரசாங்கம் மறந்து அவனை நிரந்தரமாக்கிவிட்டது. மாதம் ஒருமுறை மூன்று கம்பியிலும் மீட்டரை மாட்டி, இழுப்பு எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுவது அவன் வேலை. முதல் கம்பியும் இரண்டாவதும் கட்டினபடியே இருந்தன. மூன்றாவது மட்டும் மாதா மாதம் அரை விரற்கடை தளர்ந்திருந்தது. தளர்ந்தால் முறுக்கி இறுக்க வேண்டும் என்பது விதி, இறுக்கினான். அடுத்த மாதம் மறுபடி தளர்ந்தது. கம்பி நீளவில்லை, கோபுரம் சாயவில்லை. அப்படியானால் கட்டை இருக்கிற இடம்தான் கம்பியை நோக்கி மேலே வருகிறது. மாதா மாதம் இறுக்கி இறுக்கி, கிணற்றிலிருந்து குடம் இழுக்கிற மாதிரி, அந்த வயலைக் கோபுரம் மேலே இழுத்துக்கொண்டிருக்கிறது. முனிகிருஷ்ணன் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில், ‘நிலம் எழும்புகிறது’ என்று எழுதினான். அன்றைய பொறியாளர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு ‘காற்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமும் அவன் எழுதினான், அவர் அடித்தார். பதினான்கு பொறியாளர்கள் மாறினார்கள். சிவப்பு மை மாறவில்லை. கடைசியில் முனிகிருஷ்ணனே நேராகக் ‘காற்று’ என்று எழுதக் கற்றுக்கொண்டான். நானூற்றுச் சொச்சம் மாதம் காற்று அடித்த ஒரே ஊர் ஈச்சம்பேடுதான்.

பிறகு காலம் மாறியது. ஆண்டெனா வைத்து டி.வி. பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் எளாவூர் செக்போஸ்ட் பக்கத்துப் பஞ்சர் கடை ஒன்றில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைக்காரனும் போனுக்கு மாறிய வருஷம், ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து தாள் வந்தது. கோபுரத்தைப் பிரிக்க வேண்டும் என்று இன்னொரு தாள் வந்தது. அதே சமயம், பக்கத்தில் இருந்த உருக்காலைக்கு லாரி நிறுத்த இடம் வேண்டியிருந்தது. அளந்து வைத்த மாதிரி ரோட்டை ஒட்டி, சமதளமாக, கெங்கம்மாளின் வயல் கண்ணில் பட்டது. மூன்றாவது தாள் அவள் வீட்டுக்கு வந்தது.

கெங்கம்மாளின் புருஷன் பரசுராமன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். வீட்டில் அவள், மகன் வசந்தகுமார், மருமகள் கல்பனா. வசந்தகுமார் தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக மாறி, இப்போது இதே உருக்காலையில் காண்டிராக்ட் ஆள். பதினோரு வருஷமாக அவனுடைய அடையாள அட்டையில் ‘தற்காலிகம்’ என்ற சொல் மட்டும் மங்கவேயில்லை. அவன் முகப் படம் எப்போதோ வெளுத்துப்போனது. ராத்திரி ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வந்தவன், நாஷ்டா தட்டைத் தொடாமல் தாளை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தான்.

“யம்மா, கையெழுத்து போட்டுடு. நெலம் குட்த்த ஊட்டுக்கு ஒரு பர்மனெண்ட்டுன்னு போட்டுக்கிறான்.”

“எங்க போட்டுக்கிறான்? படி.”

“பரிசீலிக்கப்படும்னு...”

“உங்க நைனாவுக்கும்தான் ரோடு போடறப்ப பரிசீலிச்சான். அவுரு செத்து ஒம்போது வருசம் ஆவுது. இன்னும் பரிசீலிச்சிக்கினுதான் கிறான்.”

“அப்ப நான் இன்னாதான் பண்றது? முப்பத்திமூணு வயசு. இதுக்கு மேல எவன் என்ன எடுப்பான்?”

கல்பனா சட்னியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அத்தை, அவரு ஷூவுல அடிப்பக்கம் உருகிப் போச்சி. காலு எப்டி வெந்து கெடக்குது பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க.”

“பாத்துக்கினுதான்டி கீறேன். நெலத்த குட்த்துட்டு ஷூ வாங்கினா, ஷூ ரெண்டு வருசத்துல பிஞ்சிடும். அப்றம் எதக் குடுப்ப?” கெங்கம்மாள் தாளை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். “வேலையும் வோணும், நெலமும் வோணும். எதுனா ஒண்ணுதான்னு எவன்டா சொன்னது?”

இப்படி இரண்டும் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அரசாங்கத்தில் படிவம் கிடையாது. அவள் கையெழுத்துப் போடாவிட்டாலும் கம்பியும் கட்டையும் அரசாங்கத்துடையவை; அவற்றை எடுக்க அவளைக் கேட்க வேண்டியதில்லை. முதலில் கட்டையை எடுத்துவிடுவது, பிறகு நிலத்தைப் பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. தை பதினொன்றாம் தேதி கிரேன் வந்தது. உதவிப் பொறியாளர் அன்புராஜ் வந்தார். அவர் அந்த வரிசையில் பதினைந்தாவது. கிராம நிர்வாக அலுவலர் துர்காதேவி, சர்வேயர், இரண்டு போலீஸ்காரர்கள், இன்னதென்று கடைசிவரை தெரியாத துறையிலிருந்து ஒருவர், ஆக ஆறு பேர். உருக்காலையின் மேனேஜர் துளசிராமன் வெள்ளை ஹெல்மெட்டோடு வந்தார். மறிப்பதற்காகக் கெங்கம்மாள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். வயலில் ஒன்பது பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முனிகிருஷ்ணன் பொறியாளரிடம் போனான். “சார், இந்தக் கம்பிய அவுத்து கட்டைய எடுத்தா கோபுரம் எங்கயும் போவாது. வயலுதான் போவும்.”

“எங்க போகும்?”

“மேல.”

அன்புராஜ் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். “இந்த வருஷம் நீங்க லீவே எடுக்கலையா?” என்று கேட்டார்.

ஆனாலும் அவர் படித்தவர், ஜாக்கிரதையானவர். மூன்றாம் கம்பியை அவிழ்த்தால் கோபுரம் அதற்கு எதிர்த்திசையில், நிலையத்தின் ஆபீஸ் மேல் விழும் என்று கணக்குப் போட்டார். ஆபீஸைக் காலி செய்து பூட்டினார். உலகத்திலேயே அந்த நேரத்தில் மிகப் பத்திரமான இடம் மூன்றாம் கம்பி இறங்குகிற வயல்தான் என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டி, எல்லா அதிகாரிகளையும் வயலுக்குள் வந்து நிற்கச் சொன்னார். சேறு என்பதால் துர்காதேவி செருப்பை ரோட்டோரம் கழற்றிவிட்டு இறங்கினார். முனிகிருஷ்ணன் கம்பியை அவிழ்த்தான். கோபுரம் அசையவில்லை. முப்பத்தாறு வருஷம் நின்றதில் அதற்கு நிற்பது பழக்கமாகிவிட்டது என்று அவன் பிற்பாடு விளக்கினான். அதைவிட நல்ல விளக்கம் இதுவரை வரவில்லை. பிறகு கிரேன் உருண்டைக் கட்டையைப் பிடுங்கித் தூக்கியது. தாய்ப்பசுவின் பின்னால் கன்று போகிற மாதிரி, கட்டை போன வழியே வயலும் எழும்பியது.

மினி பஸ் கிளம்பும்போது இருக்கிற அளவுக்குத்தான் குலுக்கல் இருந்தது என்று மேலே இருந்தவர்கள் எல்லோரும் ஒரேமாதிரி சொன்னார்கள். களையெடுத்த பெண்களில் ஏழு பேர் நிமிரக்கூட இல்லை. வேலை சுலபமாகிவிட்டது என்று மட்டும் தெரிந்ததாம். போனில் பேசிக்கொண்டிருந்த துர்காதேவி, சிக்னல் இரண்டு கோடு கூடியதை முதலில் கவனித்தார். பிறகுதான் தன் செருப்பு நான்கடி கீழே இருப்பதை. சர்வேயர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் அன்புராஜைப் பார்த்தார்கள், அன்புராஜ் அம்புக்குறி போட்ட காகிதத்தைப் பார்த்தார். கெங்கம்மாள்தான் பேசினாள். “எறங்கறவங்கள்லாம் எறங்குங்க. பயிர மிதிக்காதீங்க. வரப்பு மேல போங்க.” கோபுரத்தில் ஏறுவதற்கு வைத்திருந்த அலுமினிய ஏணியை முனிகிருஷ்ணன் கொண்டுவந்து சாத்தினான். அதிகாரிகள் பதவி வரிசைப்படி இறங்கினார்கள்.

வயலின் கனம் இரண்டரை அடி. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று பார்த்தால், ஒன்றுமில்லை, வெளிச்சம் இருந்தது. குனிந்து பார்த்தவர்களுக்கு மண்ணிலிருந்து மண்புழுக்கள் பாதி உடம்பைத் தொங்கவிட்டு, யோசித்துவிட்டு, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வது தெரிந்தது. நான்கு மூலையிலும் இருந்த சர்வே கற்கள் மட்டும் எழும்பாமல் கீழேயே நின்றுவிட்டன. அவை அரசாங்கச் சொத்து. இதனால் வருவாய்த் துறைக்கு ஒரு கஷ்டம் வந்தது. கல் இருக்கிற இடத்தில் வயல் இல்லை. வயல் இருக்கிற இடத்தில் கல் இல்லை. அடங்கல் ஏட்டில் பயிர், பரப்பு, பாசனம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, உயரத்துக்குக் கிடையாது. துர்காதேவி மூன்று நாள் யோசித்து ‘மேட்டு நிலம்’ என்று எழுதினார். தாலுகா அலுவலகத்தில் ஃபைல் ஒரு மாதம் ஊறிவிட்டு, தாசில்தார் கையெழுத்தோடு உத்தரவாக வந்தது: பட்டாதாரரின் நிலம் பட்டாதாரரிடமே உள்ளது, எனவே அதில் சிக்கல் ஏதும் இல்லை, கீழே புதிதாகத் தென்பட்டுள்ள நிலம் எந்த ஆவணத்திலும் எவர் பெயரிலும் இல்லாதபடியால் அது அரசுப் புறம்போக்கு. புறம்போக்கை உருக்காலை அடுத்த வாரமே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. யாருடைய நிலத்தையும் பிடுங்காமல் தொழில் வளர்த்த முதல் தாலுகா என்று கூட்டத்தில் பேசினார்கள்.

நிலம் கொடுத்த குடும்பம் என்று ஒன்று இல்லாமல் போனதால், பரிசீலிக்க வேண்டிய வேலையும் இல்லாமல் போயிற்று. வசந்தகுமார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மாவிடம் பேசவில்லை. கல்பனாதான் கெங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். துளசிராமன் மரியாதையாக உட்காரவைத்தார்.

“நெலம் குட்க்கல, சரி. நெழலு குட்த்துக்கினு கீறேனே சார்,” என்றாள் கெங்கம்மாள். “உங்க லாரி டிரைவருங்கள்லாம் அதுக்கு அடில வெயிலு படாம படுத்துக்கினு கீறாங்க.”

“நிழலுக்கு எங்க கம்பெனில பாலிசி இல்லம்மா.”

“எதுக்குக் கீது?”

“நிலத்துக்கு இருக்கு. நீங்கதான் குடுக்கலையே.”

அவள் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். வழியில் கல்பனா, “இப்ப இன்னா பண்ணப்போறீங்க?” என்று கேட்டதற்கு, “சொர்ணவாரிப் போகத்துக்கு நாத்து வுடணும்,” என்றாள்.

அந்தப் போகம் தொடங்குவதற்குள் வேறொரு பேஜார் வந்தது. தையில் நின்ற நவரைப் பயிரை அறுத்துக் கதிர்ப் பாரம் இறங்கியதும் வயல் கனம் குறைந்து தினம் ஒரு சாண் ஏறத் தொடங்கியது. பங்குனியில் தென்காற்று பிடித்ததும் வடக்கே நகரவும் செய்தது. ஒரு வாரத்தில் பன்னிரண்டடி நகர்ந்து பக்கத்து நிலத்துக்காரரின் மிளகாய்ச் செடிகளை நிழலில் போட்டது. அவர் மனு எழுதினார். இந்தப் போக்கில் போனால் என்றைக்காவது ஒருநாள் எளாவூரைத் தாண்டிவிடும், எல்லையைக் கடந்தால் எந்த மாநிலத்து நிலம், செக்போஸ்டில் என்ன சீட்டு காட்டுவது என்றெல்லாம் டீக்கடையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கெங்கம்மாளுக்கு மட்டும் அது டீக்கடைப் பேச்சாக இல்லை. மகனுக்கு வர வேண்டிய வேலை போயிற்று, இப்போது நிலமும் கண்ணெதிரே ஊர்ந்து போகிறது. ஒருநாள் காலையில் அவள் ஏணியின் கடைசிப் படியில் நின்று கையை நீட்டியும் வரப்பு எட்டவில்லை. இறங்கி நேராக நிலையத்துக்குப் போனாள். முனிகிருஷ்ணன் பிரிக்க வேண்டிய கோபுரத்துக்கு வழக்கம்போல் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தான்.

“முனிகிஷ்ணா, வயலு கை எட்ற தூரம் தாண்டிப் போச்சி.”

“இன்னாக்கா பண்றது? நான் அன்னிக்கே சொன்னேன்.”

“சொன்னியே, அதுக்கு இன்னா இப்போ? மாடு மாதிரி கட்டிப் போடு.”

“கட்றதுக்கு முளை?”

கெங்கம்மாள் தலையை நிமிர்த்தி, கழுத்து வலிக்கும்வரை மேலே பார்த்தாள். “அதான் ஆயிரம் அடிக்கு நட்டு வெச்சிக்கிறீங்களே.”

அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்த மூன்றாம் கம்பியை முனிகிருஷ்ணன் எடுத்தான். ஒரு நுனியைக் கோபுரத்தின் காலில் கட்டினான். மறு நுனியை வயலின் தென்வரப்பில், நான்கு இரும்புக் குழாய்களை அடித்து, அவற்றில் கட்டினான். மணல் மூட்டைகளை மூலைக்கு மூலை அடுக்கி உயரத்தை நிறுத்தினான். வயல் ஒருமுறை திமிறிப் பார்த்துவிட்டு நின்றது. யாருடைய அனுமதியும் இல்லாமல் செய்த வேலை என்று அன்புராஜ் அவனுக்கு மெமோ எழுத உட்கார்ந்தபோது உருக்காலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லாரிகள் சுமையோடு நுழைவதற்கு இடைவெளி போதவில்லை. மேற்படி வயலைப் பதினெட்டடிக்கு உயர்த்தி அங்கேயே நிலையாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மெமோ கிழிக்கப்பட்டது. முனிகிருஷ்ணன் மூட்டைகளில் சிலதை இறக்கி, பதினெட்டடியில் நிறுத்திக் கொடுத்தான். கோபுரத்தைப் பிரிக்கிற தாளின் மேல், ‘தொழில் வளர்ச்சிக்கு இன்றியமையாத கட்டமைப்பு’ என்று இன்னொரு தாள் வந்து உட்கார்ந்தது. முன்பு கோபுரம் விழாமல் வயல் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது வயல் போகாமல் கோபுரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிலையத்தில் ஆள் குறைக்கவில்லை.

சொர்ணவாரி நடவு முடிந்தது. போர்வெல் தண்ணீரைப் பைப் போட்டு மேலே ஏற்றினாள். நட்டுப் பதினெட்டாம் நாள், யூரியா போடுவதற்கு முன்னால் பழைய தண்ணீரை வடிக்க வேண்டும். இது நெல் வைக்கிற எல்லோரும் செய்வது. கெங்கம்மாள் காலை எட்டு மணிக்கு வடிமடையில் ஒரு வெட்டு வெட்டினாள். ஒரு ஏக்கர் இருபது சென்டில் நின்ற கணுக்கால் தண்ணீர், பதினெட்டடி உயரத்திலிருந்து, கீழே பளபளவென்று புதுச் சரக்கு ஏற்றி நின்ற இருபத்தாறு லாரிகளின் மேல் இறங்கியது. நான்காம் நாள் சரக்கு வாங்குகிறவர்கள் துருவைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். துளசிராமன் துர்காதேவியைக் கூப்பிட்டார். துர்காதேவி புத்தகங்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, பட்டாதாரர் தன் சொந்த நிலத்தின் மடையைத் திறக்கக் கூடாது என்று எங்கும் இல்லை, வடிகிற நீர் புறம்போக்கில் விழலாம் என்று மட்டும் இருக்கிறது என்றார். செருப்பை அன்று கீழே விட்டுவிட்டு மேலே போனதிலிருந்து அவருக்கு உருக்காலைமேல் அத்தனை மரியாதை இல்லை என்று சொல்வார்கள். கூரை போடலாமா என்று கேட்டார்கள். புறம்போக்கில் கூரை போட அனுமதி இல்லை. தார்ப்பாய் போட்டார்கள். தண்ணீர் விழுந்த வேகத்தில் தார்ப்பாய் ஆந்திராப் பக்கம் போய்விட்டது. என்றைக்கு மடை திறப்பாள் என்று தெரிந்தால் லாரிகளை நகர்த்திக்கொள்ளலாம் என்று ஆள் மூலம் கேட்டுப் பார்த்தார்கள். “பயிரு கேக்கறப்ப வுடுவேன். பயிருக்கு போன் நம்பர் இல்ல,” என்று சொல்லியனுப்பினாள்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை துளசிராமன், வயலுக்குப் புதிதாகச் சாத்தியிருந்த நீள ஏணியில் ஏறினார். ஷூவைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்திருந்ததால் பதினெட்டடி ஏறுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. கெங்கம்மாள் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தாள், மண்வெட்டியை நிறுத்தவில்லை.

“ஏம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்?”

“சொல்லிட்டேனே. எம்புள்ளைக்கு பர்மனெண்ட்டு.”

“பரிசீலிக்கிறோம்.”

“பரிசீலிங்க. நாளிக்கு ரெண்டாம் மேலுரம் போடணும், தண்ணி வடிக்கணும்.” மண்வெட்டி வடிமடைப் பக்கம் நகர்ந்தது.

“இருங்க, இருங்க. ஆனா என்ன வேலைன்னு போடறது? ஆள் எடுக்க ஒரு காரணம் வேணும்ல?”

கெங்கம்மாள் மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றி யோசித்தாள். “நான் எப்ப மடை தெறப்பேன்னு உங்களுக்குத் தெரியணும். எனுக்கு உங்கள்ல யாராண்டயும் பேசப் புடிக்கல. எம்புள்ளையாண்ட பேசுவேன். அவன் வந்து உங்களாண்ட சொல்லட்டும். அதான் வேல.” பிறகு, ஞாபகம் வந்தவளாக, “உழவு ஓட்ற மிஷினு மேல ஏற மாட்டேங்குது. போகத்துக்கு ஒரு வாட்டி உங்க கிரேன வுட்டுத் தூக்கி வெக்கணும். அதையும் எழுதிக்குங்க,” என்றாள்.

ஆடி முதல் தேதி வசந்தகுமாரின் கைக்கு ஆணை வந்தது. பதவி: நீர்ப்பாசன ஒருங்கிணைப்பாளர், நிரந்தரம். இந்தியாவில் இரும்பு உருக்குகிற ஆலை ஒன்றில் அப்படி ஒரு பதவி உண்டா என்று தலைமை அலுவலகம் கேட்டு எழுதியதற்கு, இருக்கிறது, ஆள் ஏற்கெனவே வேலையில் சேர்ந்துவிட்டார் என்று பதில் போயிற்று. அவனுக்குப் புது ஷூ கொடுத்தார்கள். உலைப் பக்கம் போக வேண்டியதில்லை என்பதால் அது இன்றுவரை புதிதாகவே இருக்கிறது. கல்பனா அதை ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து வைக்கிறாள். லாரி நிறுத்தத்தின் வாசலில் ஒரு கரும்பலகை, ஒரு பெட்டி சாக்பீஸ், ஒரு நாற்காலி. காலை ஏழேமுக்காலுக்கு அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும். கேட்டதைப் பலகையில் எழுத வேண்டும். மடை திறக்கிற நாளில் ‘இன்று மழை உண்டு’, மற்ற நாளில் ‘இன்று மழை இல்லை’. இந்த வாசகத்தை நிர்வாகமே முடிவு செய்து, வெளிமாநில டிரைவர்களுக்குப் புரிய வேண்டும் என்று இந்தியிலும் தெலுங்கிலும் கீழே எழுதச் சொல்லியிருந்தது. அந்த வருஷம் வேறொரு கம்பெனிக்காரர்கள் மேல்வயலையும் விலைக்குக் கேட்டு வந்தபோது, கெங்கம்மாள் பேசுவதற்கு முன்பே வசந்தகுமார் குறுக்கே வந்து, “யம்மா, கையெழுத்து கிய்யெழுத்து போட்டுடாத,” என்றான். அவள் அரிசிப் பானையைக் காட்டினாள். பழைய தாள் அதன் அடியிலேயே இருந்தது. புதியதையும் அங்கேயே வைத்தாள்.

நிலையத்தில் பதிவேடு கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. மூன்றாம் கம்பி இப்போது படுக்கைவாட்டில் இருந்தாலும் மாதா மாதம் இழுப்பைப் பதிய வேண்டும். அன்புராஜ், அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு உண்மைக்கு மதிப்புக் கொடுக்கிறவராக மாறியிருந்தார். காரணம் என்ற இடத்தில், ‘நிலம் இழுக்கிறது’ என்று அடிக்கப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அதில் தேர்ந்தெடுக்க மூன்றே மூன்று காரணங்கள் இருந்தன: காற்று, மழை, குரங்கு. “காத்துன்னே போட்டுடுங்க சார். அதுக்குப் பழகிப்போச்சி,” என்றான் முனிகிருஷ்ணன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை, “மேவயல்லாம் எறங்கு” என்று கூவுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒருமுறை மேலே பார்ப்பார்கள். பிறகு போனைப் பார்ப்பார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்து மீஞ்சூர்ப் பக்கமெல்லாம் தெருவில் தண்ணீர் நின்ற ஒரு காலையில், வசந்தகுமார் குடை பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று போன் செய்தான்.

“யம்மா, இன்னிக்கு மடை?”

மறுபக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது. வரப்பு கெட்டியாக இருக்கிறதா என்று காலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல.

“இன்னிக்கு வாணாம். பயிரு குடிக்கட்டும். நீ நாஷ்டா துன்னியா?”

“துன்னேன்.”

அவன் பலகையின் ஈரத்தைத் துடைத்து, ‘இன்று மழை இல்லை’ என்று மூன்று மொழியிலும் எழுதினான். ரோட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர்கள் பலகையைப் படித்துவிட்டு லாரிகளை வயலுக்கடியில் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி, சொட்டு நனையாமல் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.